அர்பத்நாட் பச்சை அட்டைதான்

அன்புள்ள ஐயா,

நானும் இரண்டு நண்பர்களும் ஒரு முதலீட்டுப் பலகை விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். சின்ன வயதில் ஆடிய டிரேட் மாதிரிதான். ஆனால் ஊர்களுக்குப் பதிலாக, 1860 முதல் 1950 வரை மெட்ராஸ்காரர்கள் பணம் போட்ட உண்மையான தொழில்கள். ஆபத்து குறைந்தவை பச்சை அட்டை, நடுத்தரம் மஞ்சள், அதிகம் சிவப்பு. பச்சையில் இந்தியன் வங்கியும் பர்மா வட்டித் தொழிலும் வைத்திருக்கிறோம். மஞ்சளில் சிலோன் தேயிலை. சிவப்பில் அர்பத்நாட் கம்பெனி, சுதேசிக் கப்பல் கம்பெனி, சிலோன் காப்பித் தோட்டம். இந்தப் பிரிப்பு சரியா? வேறு எவற்றைச் சேர்க்கலாம்? பகடை வைப்பதா, சீட்டுக்கட்டு வைப்பதா என்றும் எங்களுக்குள் சண்டை.

எம்., கோவை

அன்புள்ள எம்.,

பகடையா சீட்டா என்பதை நீங்கள் மூவரும் பத்து ஆட்டம் ஆடிப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். வேறு தொழில்களின் பட்டியலும் பிறகு பார்க்கலாம். உங்கள் சிவப்பு வரிசையைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அர்பத்நாட்டை எப்படிச் சிவப்பில் வைத்தீர்கள்? திவாலானது என்பது தெரிந்ததால்தானே? 1906 அக்டோபர் 22 திங்கட்கிழமை அந்த வாசல் அடைபட்டது உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய சனிக்கிழமை மெட்ராஸில் யாருக்கும் தெரியாது. ஊராரிடம் டெபாசிட் வாங்கிய வணிக நிறுவனம், பாரி, பின்னி, அர்பத்நாட் என்று சேர்த்துச் சொல்லப்பட்ட பெயர் அது. ஒரு நூற்றாண்டுப் பழக்கம். முதலாளி சர் பட்டம் பெற்றவர். ஓய்வு பெற்ற அதிகாரி, வக்கீல், கணவனை இழந்த பெண் என்று பணத்தைப் பத்திரமாக வைக்க இடம் தேடியவர்கள்தான் அங்கே போனார்கள். துணிந்து லாபம் பார்க்க வந்தவர்கள் இல்லை அவர்கள். லண்டன் பங்காளி மக்ஃபேடியன் அந்தப் பணத்தை எந்தெந்த ஊக வியாபாரத்தில் இறக்கினார் என்று அவர்கள் எப்படிப் பார்த்திருக்க முடியும்? அது கூட்டு வியாபாரம், கணக்கை ஊரறிய வெளியிட வேண்டிய கட்டாயம் கிடையாது. மக்ஃபேடியன் லண்டனில் ரயில் முன் விழுந்து செத்தார், இங்கே கதவு சாத்தப்பட்டது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு மறுவருடம் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களுக்குப் போட்டது முழுதாகத் திரும்பவில்லை.

இப்போது உங்கள் அட்டையைப் பாருங்கள். சிவப்பு அடித்து, மேஜைமேல் வைத்து, விளையாடுகிறவரிடம் "இது ஆபத்து" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறீர்கள். அவர் சிரித்துக்கொண்டே அதைத் தள்ளி வைப்பார். அர்பத்நாட்டில் பணம் போட்ட அத்தனை பேரும் முட்டாள்கள் என்று உங்கள் விளையாட்டு ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. எனக்கு அதைப் பொறுக்க முடியவில்லை.

காரணம் சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்த அதே வாரம் அப்பாவின் இரும்புப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் நான்கு டெபாசிட் ரசீதுகள். அப்பா தலைமையாசிரியராக இருந்து 1995-இல் ஓய்வு பெற்றவர். வந்த பி.எஃப். பணத்தில் எண்பதாயிரத்தை எங்கள் ஊர் ஃபைனான்ஸ் ஒன்றில் போட்டார். பெயர் வேண்டாம். வருடத்துக்கு 24 சதவீத வட்டி. அந்தக் காலத்தில் பல ஊர்களிலும் கேட்ட விகிதம்தான். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி பிசகாமல் வட்டி வந்தது, பதினான்கு மாதம். அலுவலகம் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்தது. எங்கள் தெருவில் அதையே ஓர் உத்தரவாதமாகச் சொன்னார்கள்.

அதே சமயத்தில் என் மாமா, அம்மாவின் தம்பி, லேத் பட்டறை வைக்க இருபதாயிரம் கடன் கேட்டு வந்தார். எட்டாவது ஃபெயில், இரண்டு தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர். அப்பா ஒரு இரவு முழுக்க நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொன்னார். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை.

பதினைந்தாவது மாதம் ஃபைனான்ஸ் கதவு பூட்டியிருந்தது. டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் 1997-இல் வந்தது, அப்பாவும் மனு போட்டார், நீதிமன்றத்துக்கும் நடந்தார். மாமா அத்தையின் நகையை விற்றுப் பட்டறை போட்டு, பதினோரு வருஷம் ஓட்டினார். பிறகு சாலை அகலப்படுத்தியபோது இடம் போய்விட்டது.

அந்த இரவில் அப்பா போட்ட கணக்கை நான் பிறகு எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தெரிந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் எனக்கும் அதே விடைதான் வருகிறது. ஊரில் "வாத்தியாருக்கே புத்தி இல்லையே" என்றார்கள். அவர் காதுபடவே சொன்னார்கள். உங்கள் சிவப்பு அட்டையும் அதையேதான் சொல்கிறது, எம்.

அதனால் நிறத்தை அந்தந்த வருடத்து ஜனங்களின் கண்ணால் பார்த்துக் கொடுங்கள். 1906-இல் அர்பத்நாட் பச்சை. 1907-இல் தொடங்கிய இந்தியன் வங்கி அப்போது மஞ்சளாவது இருக்க வேண்டும். அதைத் தொடங்க முன்நின்ற வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் அர்பத்நாட் அடி இன்னும் வலித்துக்கொண்டிருந்த ஊரில் பங்கு கேட்டு வீடு வீடாகப் போயிருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்றும் அது நிற்கிறது என்பதற்காகப் பச்சை கொடுத்துவிட்டீர்கள்.

தேயிலையும் அப்படியே. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத் துரை சிலோனில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867-இல். அப்போது சிலோனில் காப்பிதான் ராஜா. தேயிலைக்குப் பணம் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்? இரண்டே வருடத்தில், 1869-இல், காப்பி இலையில் துரு நோய் தெரிந்தது. விலை ஏறிக்கொண்டிருந்ததால் துரைமார் அதற்குப் பிறகும் காடு வெட்டிக் காப்பி நட்டார்கள். ஆகவே 1867-இல் காப்பி பச்சை, தேயிலை சிவப்பு. (அந்தத் தோட்டங்களுக்கு இங்கிருந்து நடந்தே போன கூலிகளுக்கும் ஓர் அட்டை வையுங்கள். அவர்கள் பணம் போடவில்லைதான். தோட்டம் படுத்தால் பாக்கிச் சம்பளம் அவர்களுடையது.)

பர்மாவுக்குப் பச்சை சரி, 1929 வரை. நெல் விலை விழுந்ததும் கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். லேவாதேவிக்காரருக்கு வேண்டியது ரொக்கம், கிடைத்தது வயல். 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. சொத்து பெருகுவது போலத் தெரிந்த வருடங்களில்தான் பணம் மாட்டிக்கொண்டது. உங்கள் விளையாட்டில் அதைக் கொண்டுவர முடிந்தால் உங்களைக் கட்டிப்பிடித்துப் பாராட்டுவேன்.

சிவப்பு வரிசையில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஒன்றுதான் சரியான இடத்தில் இருக்கிறது. அதிலும் காரணம் தப்பு. பதிவானது அர்பத்நாட் விழுந்த அதே 1906 அக்டோபரில். மூலதனம் பத்து லட்சம், நாற்பதாயிரம் பங்கு, பங்கு 25 ரூபாய். போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, அப்புறம் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பணம் போட்டவர்களுக்கு எதிரே நிற்பது யார் என்று தெரியும். அர்பத்நாட்டில் போட்டவரின் வீட்டுக்காசு தெரியாமலே போனது. இங்கே பங்குக்கு 25 ரூபாய், அதுவும் தெரிந்தே கொடுத்தது. இந்த இரண்டையும் ஒரே நிறத்தில் ஒரே கட்டில் அடுக்காதீர்கள். தயவுசெய்து பிரித்து வையுங்கள்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று வேலையை நிறுத்திவிடாதீர்கள். பழைய கணக்குப் புத்தகங்களைத் தேடிப் படித்து விளையாட்டாக்க மூன்று இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதே எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? முன்பக்கம் அன்றைய நிறம், பின்பக்கம் நடந்த கதை என்று ஒரு தடவை செய்து பாருங்கள். வருடம் வரும்வரை பின்பக்கத்தை யாரும் திருப்பக் கூடாது.

முடிந்ததும் ஒரு பெட்டி அனுப்புங்கள். அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது, இன்றும் தாயத்தில் என்னை ஜெயிக்கிறாள். அவளோடு ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அர்பத்நாட் அட்டையை அவள் வாங்குவாளா என்று பார்க்க வேண்டும்.