மொறுமொறு ஆப்பிள் சிப்ஸ்: எது நல்லது, எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி (கோத்தகிரி): அக்கா, மூணு கம்பெனி ஆப்பிள் சிப்ஸ் வாங்கினேன். மூணும் வாயில வேற வேற மாதிரி இருக்கே?

பதில்: பெயர் ஒன்றுதான், பக்குவம் வேறு. ஃப்ரீஸ் ட்ரை என்றால் பழத்தை உறைய வைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை எடுப்பது. சுருங்காது, எடையே தெரியாது, நாக்கில் பட்டதும் கரையும். புளிப்பும் மணமும் இதில்தான் அதிகம் தங்கும். வெங்காற்றில் காய வைத்தது சுருங்கி, படக்கென்று உடையும், இனிப்பு தூக்கல். வேக்குவம் ஃப்ரை என்பது காற்றழுத்தத்தைக் குறைத்து எண்ணெயில் பொரித்தது. மொறுமொறுப்பு பிரமாதம், விரலில் பிசுக்கு ஒட்டும். சந்தேகமா? பாக்கெட்டின் பின்னால் பாருங்கள். 100 கிராமுக்குக் கொழுப்பு 2 கிராமுக்குள் இருந்தால் எண்ணெய் படாதது.

கேள்வி (ஊட்டி): எதை முதல்ல ருசி பாக்கணும்?

பதில்: ஃப்ரீஸ் ட்ரை, வெங்காற்று, பொரித்தது, கடைசியில் பட்டைத்தூள் போட்டது. நடுநடுவே வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். டீ வேண்டாம், அதன் துவர்ப்பு நாக்கை விட்டுப் போகாது. முக்கியமாக, எல்லா பாக்கெட்டையும் ஒரே நேரத்தில் பிரித்து வைக்காதீர்கள். ஊட்டி மூடுபனியில் ஈரத்தை முதலில் இழுப்பது ஃப்ரீஸ் ட்ரைதான். தட்டில் கொஞ்ச நேரம் கிடந்தாலே நமத்துப்போய், நல்ல சரக்குக்குக் கெட்ட பெயர். முதல் கடியில் சத்தம் கேளுங்கள். மெல்லும்போது கடைவாய்ப் பல்லில் அப்புகிறதா பாருங்கள். விழுங்கியபின் கசந்தால் சூடு அதிகமாகிவிட்டது. தீக்குச்சி நெடி வந்தால் சல்பைட் என்ற பதப்படுத்தும் பொருள்; லேபிளில் 220 முதல் 228 வரையுள்ள எண் ஏதாவது இருக்கும். வீசிங் இருப்பவர்களுக்கு அது ஆகாது.

கேள்வி (கொடைக்கானல்): ஓவன்ல போட்டா ரப்பர் மாதிரி வருது. நம்ம ஊர் பார்லின்ஸ் பியூட்டி ஆப்பிள் இதுக்கு ஒத்து வராதா?

பதில்: பழத்தைக் குறை சொல்லாதீர்கள், கெட்டியாக இருந்தால் போதும். மாவாகிப்போன ரெட் டெலிஷஸைச் சீவும்போதே உதிரும். புளிப்பு வேண்டுமென்றால் கிரானி ஸ்மித்.

உங்கள் சீவல் கனம் என்று நினைக்கிறேன். 2 மில்லிமீட்டர், அதுவும் ஒரே சீராக. கத்தியில் வராது, சிப்ஸ் கட்டையில் சீவுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு எலுமிச்சை பிழிந்து 5 நிமிடம் போட்டு, துணியில் ஒற்றி எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, 90 முதல் 100 டிகிரியில் இரண்டு மணி நேரம், பாதியில் திருப்பிவிடுங்கள். சூடாக இருக்கும்போது எல்லாமே வளையும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒன்றை எடுத்து 3 நிமிடம் ஆற வைத்து ஒடியுங்கள். வளைந்தால் இன்னும் 20 நிமிடம். ஆறியதும் உடனே டப்பாவில் மூடுங்கள்; சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே இருக்கட்டும்.

கேள்வி (பண்ணைக்காடு): நமத்துப்போனதைத் தூக்கிப் போட்டுடலாமா?

பதில்: வேண்டாம். பொரிக்காததை 90 டிகிரியில் 10 நிமிடம் வைத்து ஆற விடுங்கள், மறுபடி ஒடியும். பொரித்ததில் சிக்கு வாடை வந்தால் மட்டும் குப்பைக்கு.

கேள்வி (குன்னூர்): அம்மாவுக்கு சுகர். 'சர்க்கரை சேர்க்காதது'ன்னு போட்டிருக்கு, 30 கிராம் பாக்கெட் முழுசா குடுக்கலாமா?

பதில்: சேர்க்காவிட்டாலும் பழத்தின் சர்க்கரை எங்கே போகும்? 30 கிராம் என்பது ஏறக்குறைய 200 கிராம் பழச்சதை. சர்க்கரை 20 கிராம் பக்கம் வரும். ஒரு பெரிய ஆப்பிள் என்றே கணக்கு வையுங்கள்.