அலர்ஜி மாத்திரையால் நரம்பு வலி அடங்குமா?

கேள்வி: மணிக்கட்டு நரம்பில் அடிபட்டு ஐந்து மாதமாகிறது. காயம் ஆறிவிட்டது, எரிச்சலும் சுரீர் சுரீரென்ற வலியும் போகவில்லை. அலர்ஜியின்போது உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனமும் நரம்பு வலிக்குக் காரணம் என்று படித்தேன். அப்படியானால் அலர்ஜி மாத்திரையான செட்ரிசின் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் படித்தது சரிதான், ஆனால் செட்ரிசின் உங்களுக்கு உதவாது.

நரம்பு நசுங்கினால், அதற்குள் இருக்கும் மாஸ்ட் செல்கள் (ஒருவகை நோய் எதிர்ப்புச் செல்கள்) ஹிஸ்டமினைக் கொட்டும். ஹிஸ்டமின் செல்களில் வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்களுக்கு ஏற்பி என்று பெயர்; எச்1 முதல் எச்4 வரை நான்கு ஏற்பிகள். எச்1 தூண்டப்பட்டால் ரத்தக்குழாய் கசியும், வீக்கம் வரும், வலி நரம்பு சீக்கிரம் கிளர்ந்தெழும். எலிகளின் சயாட்டிக் நரம்பை (காலுக்குப் போகும் பெரிய நரம்பு) காயப்படுத்திச் செய்த ஆய்வில், மாஸ்ட் செல்களைக் கொட்டவிடாமல் தடுக்கும் சோடியம் குரோமோகிளைகேட்டைக் கொடுத்தபோது வலி குறைந்தது. எச்1, எச்2 தடுப்பான்களும் ஓரளவு குறைத்தன.

அது காயம்பட்ட ஆரம்ப நாட்களின் கதை. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் தண்டுவடமும் மூளையும் தாமே உணர்ச்சி மிகுந்துபோயிருக்கும். செட்ரிசினோ மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை.

எச்3 நிலைமை இன்னும் விசித்திரம். அது நரம்பு முனையில் பிரேக் மாதிரி. ஹிஸ்டமின் சுரப்பதையே மட்டுப்படுத்தும். அந்த பிரேக்கைத் தடுத்தால் மூளையில் ஹிஸ்டமின் கூடும். வலியும் கூடத்தானே வேண்டும்? எலிகளில் குறைந்தது! எச்4 விஷயத்தில் முடிவுகளே முரண்படுகின்றன: அதைத் தடுக்கும் மருந்து எலிகளின் வலியைக் குறைத்தது, அந்த மரபணுவே இல்லாத சுண்டெலிகளிலோ வலி அதிகமாயிற்று. ஆகவே ‘ஹிஸ்டமினைத் தடுத்தால் வலி போகும்’ என்று பொதுவாகச் சொல்லவே முடியாது. எந்த ஏற்பி, எந்த இடத்தில், எந்தக் கட்டத்தில் என்பதைப் பொறுத்தது அது.

கேள்வி: நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. தந்திருக்கிறார்கள். காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். இந்த மருந்து எச்1-ஐ பலமாகத் தடுக்கும், தூக்கம் அதனால்தான். வலியைக் குறைப்பது பெரும்பாலும் நாரட்ரினலின், செரட்டோனின் என்ற நரம்பு ரசாயனங்கள் வழியாக நடக்கிறது. படுக்கப்போகும் நேரத்தில் போடாமல், இரண்டு மணி நேரம் முன்னதாகப் போட்டுப் பாருங்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். அளவை மருத்துவர் படிப்படியாக உயர்த்துவார். குளோர்பெனிரமின் (இதுவும் எச்1-ஐத் தடுக்கும் அலர்ஜி மருந்து) கலந்த சளி மாத்திரையை இதோடு சேர்க்க வேண்டாம்: மயக்கம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எல்லாம் கூடும். கிளாக்கோமா (கண் நரம்பைப் பாதிக்கும் நோய்), புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நரம்புக் காயம் ஆறிய இடத்தில் ஓயாத அரிப்பு. அலர்ஜி மாத்திரை கேட்கவில்லையே?

பதில்: தடிப்போ சிவப்போ இல்லாமல் அரித்தால் அது நரம்பு அரிப்பாக இருக்கலாம். அதில் ஹிஸ்டமினுக்குப் பங்கு குறைவு. கபாபென்டின், பிரீகாபலின் வகை மருந்துகளே பொருந்தும். இரண்டும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும்.