பட்டுத் துணி எம்பிராய்டரி ரிங்கில் நிற்காமல் நழுவினால்

பூவேலை செய்யும்போது ரவிக்கைப் பட்டு 8 அங்குல மர ரிங்கில் (துணியை உள்வளையம், வெளிவளையம் இரண்டுக்கும் நடுவே பிடிக்கும் சட்டம்) பத்துத் தையலுக்குள் தொய்கிறது, வெளிவளையத்தின் திருகாணியை முறுக்கியும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திருகாணியை இனி முறுக்காதீர்கள். மரமும் பட்டும் வழுவழுப்பு. பிடிமானமே இல்லாத இடத்தில் இறுக்கினால் துணியில் தழும்புதான் விழும்.

உள்வளையத்துக்கு நாடா சுற்றுங்கள். தனியாக எதுவும் வாங்க வேண்டாம், பாவாடைக்குக் கோர்க்கும் தட்டையான பருத்தி நாடா போதும். அரை அங்குல அகலம், சுமார் 3 மீட்டர். வெள்ளைதான் வேண்டும், சாயநாடா வியர்வை பட்டால் பட்டில் கறையேற்றும். நைலான் நாடா வேண்டாம், அதுவும் வழுக்கும்.

சாய்வாக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி, நன்றாக இழுத்துச் சுற்றுங்கள். சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தில் துணி தளரும், பிரித்து மறுபடி சுற்றுவதே நல்லது. முனைகளை வளையத்தின் உட்பக்கத்தில் ஊசிநூலால் தைத்துவிடுங்கள். பசை வேண்டாம், நாளடைவில் மஞ்சளாகித் துணியில் ஒட்டும்.

அப்புறம் திருகாணியைத் தளர்த்தி, துணியை வைத்து, பாதி இறுக்கி, நெடுக்கிழை குறுக்கிழை வாக்கில் மட்டும் இழுங்கள். மூலைவாக்கில் இழுத்தால் பூ கோணிவிடும். பிறகு முழுதாக இறுக்குங்கள். விரலால் தட்டினால் 'டப்' என்று கேட்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ராத்திரியே ரிங்கைக் கழற்றிவிடுங்கள். பட்டில் விழும் வளையத் தடம் இஸ்திரிக்கும் லேசில் போகாது.