ஜீப்பின் கம்பெனி லாக்கருக்குத் தனி சுவிட்ச்: வயரிங்கை எப்படிச் செய்வது?

கேள்வி: என்னிடம் இருப்பது 2012 மாடல் ஜீப் ராங்ளர் ரூபிகான். ஃபோர் லோவில் (நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவான கியரில்) போட்டால்தான் பின் லாக்கர், அதாவது பின் சக்கரம் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு, பிடிக்கிறது. மணலில் ஃபோர் ஹையில் (அதன் வேகமான கியரில்) போகும்போதும் எனக்கு அது தேவைப்படுகிறது. பேட்டரியிலிருந்து ஒரு சுவிட்ச் வைத்து லாக்கருக்கு நேரடியாக கரண்ட் கொடுக்கலாமா? முன் லாக்கருக்கும் அப்படியே செய்யலாமா?

பதில்: பின் லாக்கருக்குத் தனி சுவிட்ச் வைக்கலாம், ஆனால் நேரடியாக கரண்ட் கொடுக்க வேண்டாம். முன் லாக்கரைத் தொடாதீர்கள். முன் சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஃபோர் லோவின் நடை வேகத்தில் அதைச் சமாளிக்கலாம், ஃபோர் ஹை வேகத்தில் முடியாது.

2007 முதல் 2018 வரை வந்த, உங்களுடையதும் சேர்ந்த ஜேகே தலைமுறை ரூபிகானில் லாக்கரைப் பிடிக்க வைப்பது ஆக்சிலுக்குள் இருக்கும் மின்காந்தக் காயில். கரண்ட் இருக்கும்வரை பூட்டியிருக்கும், நின்றால் ஸ்பிரிங் விடுவித்துவிடும். வேறொரு வண்டியில் பார்த்த வயரிங்கை அப்படியே காப்பி அடித்துவிடாதீர்கள். 2003–2006 ரூபிகானில் காயில் இல்லை, சின்னக் காற்று பம்புதான் லாக்கரைத் தள்ளும். சில டொயோட்டா வண்டிகளில் மோட்டார் ஒன்று லாக்கரைப் பூட்டும் ஃபோர்க்கை நகர்த்தும். அதற்கு இப்படித் தொடர்ந்து கரண்ட் கொடுத்தால் மோட்டார் கருகிவிடும்.

நேரடி இணைப்பில் என்ன சிக்கல்? நீங்கள் காயிலுக்கு அனுப்பும் 12 வோல்ட், அதே வயர் வழியாக, லாக்கரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான கம்பெனி மாட்யூலின் அவுட்புட்டுக்குள்ளும் திரும்பிப் போகும். அந்த மாட்யூல் போனால் லாக்கரோடு நிற்காது, வேறு செலவுகளையும் இழுத்துவிடும். ஆகவே இரண்டு வழியும் எந்த நேரத்திலும் ஒன்றோடொன்று சேரக்கூடாது. ஐந்து முனை ரிலே (மின்சாரத்தால் இயங்கி இணைப்பை மாற்றிவிடும் சுவிட்ச்) இதற்காகவே இருக்கிறது. முனை 30ஐ லாக்கர் காயிலுக்கும், 87ஏவை கம்பெனி வயருக்கும், 87ஐ ஃபியூஸ் வழியாக பேட்டரிக்கும் கொடுங்கள். சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது வண்டி கம்பெனியில் வந்தது போலவே இருக்கும். ஆன் செய்தால் கம்பெனி வயர் கழன்று உங்கள் கரண்ட் காயிலுக்குப் போகும்.

ஒரு ரிலே போதாது. சில மாட்யூல்கள் பாசிட்டிவ் பக்கத்தைக் கட்டுப்படுத்தும், சில எர்த் பக்கத்தை. காயிலின் இரண்டு வயரையும் மாற்றிவிட்டால் அந்தக் கவலையே இல்லை. இரண்டாவது ரிலேயில் 30 காயிலின் மறு வயருக்கு, 87ஏ கம்பெனி வயருக்கு, 87 எர்த்துக்கு. இரண்டு ரிலேயின் 86ஐயும் சேர்த்து சுவிட்சுக்கு, 85ஐ எர்த்துக்கு. சுவிட்சுக்கு வரும் கரண்ட் இக்னிஷன் ஆனில் மட்டும் கிடைக்கும் இடத்திலிருந்து வரட்டும். இல்லாவிட்டால் வண்டியை நிறுத்திவிட்டுப் போன பிறகும் லாக்கர் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

ஃபியூஸ் அளவை ஊகிக்காதீர்கள். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் காயிலின் ஓம் பாருங்கள். உதாரணமாக 3 ஓம் காட்டினால், இன்ஜின் ஓடும்போது இருக்கும் 14 வோல்ட்டில் சுமார் 4.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸ் சரி. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆக்சில் வரை 2.5 சதுர மி.மீ. வயர் போடுங்கள். போக வர 10 மீட்டர் ஓடினால் அதில் இழப்பு 0.3 வோல்ட்டுக்கு அருகில்தான். 0.75 வயரில் அதுவே 1 வோல்ட்டைத் தாண்டும், காயிலின் இழுவை குறையும்.

அப்புறம் டையோடு, அதாவது கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம். காயிலை அணைக்கும்போது திடீரென எழும் அதிக வோல்ட்டேஜ் ரிலேயின் முனைகளைத் தின்றுவிடும். 1என்5408 டையோடு ஒன்றை, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி, காயிலின் இரு வயருக்கும் நடுவே ரிலேயின் 30 பக்கத்தில் வையுங்கள். ஃபோர் லோவில் கம்பெனி பட்டனை அழுத்தி எந்த வயரில் பாசிட்டிவ் வருகிறது என்று முன்பே பார்த்துக்கொள்வது அவசியம். மாற்றி வைத்தால் டையோடு ஷார்ட் ஆகும்.

ஆக்சில் அருகே கம்பெனி வயரை வெட்டவே வேண்டாம். பொருந்தும் கனெக்டர்கள் வாங்கி நடுவில் செருகும் குட்டி ஹார்னஸ் (வயர்த் தொகுப்பு) ஒன்று செய்துகொண்டால், வேண்டாதபோது கழற்றிவிடலாம். ஆக்சில் மேலும் கீழும் ஆடும், வயரில் தளர்வு விடுங்கள். ரிலேக்களைத் தண்ணீர் படாமல் கேபினுக்குள் பொருத்துங்கள்.

சுவிட்சில் எரியும் விளக்கை நம்பாதீர்கள். கரண்ட் போகிறது என்பதை மட்டுமே அது சொல்லும், லாக்கர் பிடித்ததா என்பது ஆக்சிலில் உள்ள சென்சாருக்குத்தான் தெரியும். சென்சார் வயர்களைத் தொடாமல் விடுங்கள். தான் கேட்காமலே லாக்கர் பிடித்ததைப் பார்த்து மாட்யூல் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கை எரிய விடலாம். அதை மறைக்க எதையும் செய்யாதீர்கள்.

வேலை முடிந்ததும் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து கியரில் போடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. லாக்கர் ஆஃபில் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். ஆன் செய்து கொஞ்சம் அசைத்தால் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு சக்கரம் நகராது.

மணலில், வண்டி நின்றிருக்கும்போதோ மெல்ல உருளும்போதோ மட்டும் சுவிட்சைப் போடுங்கள். ஒரு சக்கரம் வெறுமனே சுழலும்போது போட்டால் உள்ளே பூட்டும் பாகங்கள் உடையலாம். தார் சாலை ஏறும் முன் அணைத்துவிடுங்கள். திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், லாக்கர் அதற்கு விடாது. பிடியுள்ள தரையில் அந்த முறுக்கு முழுவதும் ஆக்சில் ஷாஃப்ட்டில்தான் போய் விழும்.