விரல் ரேகையில் தலைமைத்துவம் தெரியாது

கேள்வி: மகள் தரம் 10இல் படிக்கிறாள். இந்த வருடம் மாணவர் தலைவியாகத் தெரிவு செய்தார்கள். காலைக்கூட்ட வரிசை குழம்பினால் சின்னப் பிள்ளைகளை ஏசிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுகிறாள். விரல் ரேகை பார்த்து உணர்வு நுண்ணறிவை (உணர்வுகளைப் புரிந்து ஆளும் திறனை) அளந்து, ஆறு மாதப் பயிற்சியும் சான்றிதழும் தருவதாக ஒருவர் வீடு தேடி வந்தார். பல்கலைக்கழக அனுமதிக்கும் உதவுமாம். காசு கட்டலாமா?
- ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: கட்டாதீர்கள். விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடும், பிறகு மாறாது. கோபத்தை ஆளுவது பழகப் பழக வருவது. மாறாத ஒன்றை வைத்து அதை எப்படி அளப்பது? அவர்கள் தரும் தடித்த அறிக்கையில் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் வசனங்கள்தான் இருக்கும்.

சான்றிதழ்க் கதை அதைவிட மோசம். பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில் (வெவ்வேறு பாடப் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாக மாற்றிய புள்ளியில்) நடக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சியும் அதில் உண்டு. ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள்: விளையாட்டு போன்றவற்றில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குச் சிறு விசேட ஒதுக்கீடு. அதற்கும் உயர்தரத் தகுதி வேண்டும். தனியார் வகுப்புச் சான்றிதழ், எத்தனை முத்திரை குத்தினாலும், தேசிய மட்டச் சாதனை ஆகாது.

இனி மகள். அவள் கோபம் என்று சொல்வது பெரும்பாலும் வெட்கமாக இருக்கும்: வரிசை கலைகிறது, அதிபர் திரும்பிப் பார்க்கிறார், முகம் சுடுகிறது. ஒரு கொப்பியில் பின்னேரம் நான்கு வரி எழுதட்டும்: என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, அந்த உணர்வின் சரியான பெயர் என்ன, அடுத்த முறை என்ன சொல்வேன். மூன்று கிழமை விடாமல். நீங்கள் அதை வாசிக்கக் கூடாது; வாசித்து ஒருமுறை ஏசினால் மறுநாள் பொய்தான் எழுதுவாள். வரிசைக்கு முன்னால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடட்டும், ஐந்து தடவை. பிறகு வாய் திறக்கலாம்.

உண்மையில் இது பாடசாலை பழக்க வேண்டியது. புள்ளியைப் பார்த்துச் சின்னம் குத்திவிடுகிறார்கள், அதோடு சரி. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தாலும், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்க அனுப்பிவிடுகிறார்கள். ஆனாலும் நேரம் கேட்டு அவரைச் சந்தியுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் அவளது இல்லத்தின் (பாடசாலை விளையாட்டு அணியின்) அலங்காரத்தை மகளிடம் விடச் சொல்லுங்கள்: எத்தனை கிடுகு, யார் பின்னுவது, காசு எவ்வளவு, எல்லாம் அவள் முடிவு. படைப்பாற்றலும் அங்கேயே வரும். பாதியில் பெரியவர்கள் புகுந்து திருத்தினால் வீண்.

நித்திரையும் சாப்பாடும் இரண்டு கிழமைக்கு மேல் குழம்பினால் மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே போக வேண்டும், தேசிய உளநல உதவி இலக்கமான 1926க்கும் அழைக்கலாம். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை.