கரும்புகையிலிருந்து எரிபொருள்?

கேள்வி: ஆலைப் புகையிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து எரிபொருளாக்கலாம் என்கிறார்கள். எமது அரிசி ஆலைகளின் புகையிலிருந்து வயலுக்கு நீரிறைக்கும் இயந்திரங்களை ஓட்ட முடியுமா?
– வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: ஆக்க முடியும் என்பதில் ஐயமில்லை. ஐஸ்லாந்தில் வேதியியலாளர் ஜோர்ஜ் ஓலாவின் பெயரைத் தாங்கிய ஆலை, புவிவெப்ப மின்நிலையத்தின் வாயுவிலிருந்து மெதனோல் என்னும் திரவ எரிபொருளைத் தயாரித்துக் காட்டியது. உமி எரிந்து வரும் புகையிலுள்ள காபன் பயிர் காற்றிலிருந்து எடுத்ததே என்பதால், மூலப்பொருளாக அது நிலக்கரிப் புகையைவிட மேலானது.

ஆனால் காபனீரொட்சைட்டு, அடுப்புச் சாம்பலைப் போல, ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள்; அதை மீண்டும் எரிபொருளாக்க, எரிந்தபோது வெளியேறியதைவிடக் கூடுதலான சக்தியை நாமே கொடுத்தாக வேண்டும். அச்சக்தியின் பெரும்பகுதி காபனீரொட்சைட்டுடன் சேர்க்க வேண்டிய ஐதரசனை, நீரை மின்னாற் பகுத்துப் பெறுவதிலேயே செலவாகிறது: ஒரு தொன் மெதனோலுக்கு ஏறத்தாழ 10,000 அலகு மின்சாரம் தேவைப்பட, அந்த மெதனோலில் இருப்பதோ சுமார் 5,500 அலகுக்கு ஈடான சக்தி மட்டுமே. அதையும் சிறிய இயந்திரத்தில் எரித்தால் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெப்பமாக வீணாகும்.

ஆகவே, வன்னியின் வெயிலைச் சூரியப் படலங்களால் மின்சாரமாக்கி நேரடியாக மின்மோட்டாருக்குக் கொடுப்பதே எமது வயல்களுக்கு உகந்தது என்பது என் உறுதியான கருத்து. மின்கலங்களால் எளிதில் ஓட்ட இயலாத பெருங்கப்பல்களுக்கும் நெடுந்தூர விமானங்களுக்குமே இவ்வகை எரிபொருள் பொருந்தும். அங்கும் அதற்கான மின்சாரம் காற்றிலிருந்தோ வெயிலிலிருந்தோ மலிவாகக் கிடைத்தாக வேண்டும்.