தழும்பின் வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு மாதங்களுக்கு முன் கொதிநீர் கொட்டி என் கழுத்தும் தோளும் வெந்துவிட்டன. புண் ஆறிவிட்டது. ஆனால் தழும்பு சிவந்து தடித்துக் கிடக்கிறது, அரிப்பும் தாங்கவில்லை. எலிகளில் தழும்பை மறைய வைக்கும் மருந்தைக் கண்டுபிடித்ததாக ஒரு செய்தி படித்தேன். மனிதர்களுக்கு அது எப்போது வரும்? வாயில்லா உயிர்களைக் கீறித்தான் இதையெல்லாம் அறிய வேண்டுமா என்றும் மனம் உறுத்துகிறது. வெங்காயச்சாறு கலந்த களிம்பு பலன் தருமா?

எம்.

அன்புள்ள எம்,

களிம்பைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எலி மருந்துக்காகக் காத்திருக்காதீர்கள். எலியின் தோல் தொளதொளத்த சட்டை மாதிரி. அதன் அடியில் உள்ள மெல்லிய தசைப்படலம் சுருங்கிக் காயத்தின் விளிம்புகளை இழுத்துச் சேர்த்துவிடும். நம் தோல் அடித்திசுவோடு இறுகப் பற்றியது. புதுத்திசு ஊறி நிறைய, அதன்மேல் மேல்தோல் ஊர்ந்து மூட வேண்டும். இதனால்தான் எலியின் காயத்தைச் சுற்றிச் சிலிகான் வளையம் ஒட்டி, சுருங்கவிடாமல் தடுத்துச் சோதிக்கிறார்கள். அப்போதும் உங்களுக்கு வந்ததுபோன்ற தடித்த தழும்பு அதற்கு எளிதில் வருவதில்லை. அதைச் சோதிக்க முயலின் காது வேண்டும், அல்லது டியூராக் என்னும் செம்பன்றி வேண்டும். காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கீலாய்டு என்னும் தழும்போ எந்த விலங்குக்கும் வருவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த எட்டு மாதக் கணக்கு. கொஞ்ச நாளாகவே நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்தில் தழும்பின் கதை முடிந்துவிட்டதாக யார் உங்களுக்குச் சொன்னார்கள்?

என் தங்கைக்குச் சிறுவயதில் முன்கையில் தீக்காயம் பட்டது. ஆறு மாதம் கழித்து, "இனி இப்படித்தான்" என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டிலும் அதை நம்பி, தழும்பைத் தணிக்க அணிந்திருந்த அழுத்த உறையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அவள் முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்துகொண்டாள். இரவில் அரிப்பில் அவள் விசும்பும்போது அம்மா விடியும்வரை அந்தக் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பாள். அதே தழும்பு இரண்டாம் வருடத்தில் வெளிறித் தணிந்தது. அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காயம் மூடும்போது அவசரத்துக்கு இடப்படுவது, தோலுக்கு வலுத்தரும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் மூன்றாம் வகை. அது கரைந்து முதல் வகை வலுப்பதற்கும், பெருகிய ரத்தக்குழாய்கள் வற்றிச் சிவப்பு தணிவதற்கும் ஒரு வருடம் ஆகும், இரண்டும் ஆகலாம். மூன்று வாரத்தில் தழும்புக்கு இயல்பான தோலின் வலுவில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மாதங்கள் கடந்து சுமார் 80 விழுக்காட்டில் நின்றுவிடும், முழு வலு திரும்புவதே இல்லை.

அதற்குப் பிறகும் தழும்பு சும்மா கிடப்பதில்லை. 1740-களில் ஆன்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியின் கடற்பயணத்தில், 1690-இல் அயர்லாந்தின் பாய்ன் போரில் காயம்பட்ட ஒருவருக்கு, வைட்டமின் சி இல்லாமல் ஸ்கர்வி கண்டபோது, ஐம்பது வருடத்துக்கு முன் ஆறிய புண் மறுபடி திறந்துகொண்டது. அரை நூற்றாண்டு கழித்தும் அந்த இடத்தில் கொலாஜன் கரைந்துகொண்டும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருந்திருக்கிறது!

இப்படி வாழ்நாளெல்லாம் மாறும் ஒன்றை, எத்தனையோ எலிச் சோதனைகள் சில வாரங்களில் முடித்துவிடுகின்றன. தழும்பு பிறந்ததும் கணக்கை மூடிவிட்டு அது எப்படி முதிரும் என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது? டிஜிஎஃப்-பீட்டா 3 என்ற புரதத்தை வைத்துச் செய்த ஜுவிஸ்டா மருந்து விலங்குகளில் நன்றாக வேலை செய்தது, மனிதர்களில் நடந்த ஆரம்பச் சோதனைகளிலும் நம்பிக்கை தந்தது. 2011-இல் பெரிய சோதனையில் தோற்றது. குறுகிய காலம் மட்டும் பார்த்ததுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சீக்கிரம் கிடைக்கும் நல்ல செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அது போதும்.

உங்கள் உறுத்தல் எனக்கும் உண்டு. அதனால்தான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு பன்றியைக் கீறி நாலாம் வாரம் கொன்றுவிட்டால், அது பட்ட வலி தழும்பின் முதிர்ச்சியைப் பற்றி எதையும் நமக்குச் சொல்லாது. அதே விலங்கை மாதக்கணக்கில் வளர்த்து, வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்து சிறு திசு மட்டும் எடுத்து, நிறத்தையும் தடிப்பையும் அளந்துகொண்டே வந்தால் குறைவான விலங்குகளே போதும். இடமும் தீவனமும் பணமும் அதிகம் செலவாகும் என்பார்கள். ஆகட்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் கத்தியை எடுக்க வேண்டாம்.

உங்கள் மேல் ஒரு கோபம் உண்டு. நிறத்தையும் அரிப்பையும் எழுதினீர்கள். கழுத்தை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்ப முடிகிறதா, அண்ணாந்து பார்க்க முடிகிறதா என்று ஒரு வரிகூட இல்லை. சிவப்பும் தடிப்பும் தணியக் காலம் கொடுக்கலாம். கழுத்துத் தழும்பு சுருங்கி இழுத்தால் அதற்குக் காலம் கொடுக்கவே கூடாது. இழுப்பு தெரிந்தால் இந்த வாரமே தீக்காய சிகிச்சை தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள், அரிப்புக்கும் அவரிடமே மருந்து கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.